வெளிநாட்டுக்குப் போகாத பாகற்காய்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக்கைப் பிடிச்சுப் பேசுறது இது ரெண்டாவது தடவை. முதல் தடவை பேசினப்போ நடுவுல மறந்து போய் அப்படியே நின்னுட்டேன். அதனால இந்தத் தடவை பேப்பர்ல எழுதிக்கிட்டு வந்திருக்கேன். பார்த்துத்தான் படிப்பேன், தப்பா எடுத்துக்காதீங்க.

போன மாசக் கூட்டத்துல ஒரு பேச்சு வந்தது. நம்ம குழுக்கள் விளைவிக்கிற காயை ஒண்ணாச் சேர்த்து, கூட்டமைப்பு மூலமா வெளிநாட்டுக்கு அனுப்பினா என்ன என்று கேட்டார்கள். பாதிப் பேர் கை தட்டினோம். மீதிப் பேர் எங்கள் குழுவைத் திரும்பிப் பார்த்தீங்க. ஏன் பார்த்தீங்கன்னு எனக்குத் தெரியும். மூணு வருஷத்துக்கு முன்னாடி நாங்க அதைச் செய்யப் போய் கையைச் சுட்டுக்கிட்டவங்க. அந்தக் கதையைச் சொல்லத்தான் தலைவி அக்கா என்னை மேடைக்குக் கூப்பிட்டாங்க. கதைக்கு முன்னால, வெளிநாட்டு வியாபாரம்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்ச மட்டும் சொல்லிடறேன்.

நம்ம இந்தியா காய், பழம் விளைவிக்கிறதுல உலகத்துல ரெண்டாவது இடம். முதல் இடம் சீனா. வாழைப்பழம், மாம்பழம், பப்பாளி, வெண்டைக்காய் இந்த நாலுலயும் நாமதான் முதல். வாழையை மட்டும் எடுத்துக்கிட்டா வருஷத்துக்கு 3 கோடி டன்னுக்கு மேல விளையுது. ஆனா உலகத்துல அதிகமா வாழைப்பழம் ஏற்றுமதி பண்ற நாடு எது தெரியுமா? ஈக்வடார். தென்னமெரிக்காவுல இருக்கிற சின்ன நாடு. நாம விளைவிக்கிறதுல வெளியே போறது ரொம்பக் கொஞ்சம்.

இதைக் கேட்டு வெட்கப்பட வேண்டாம். நாம இத்தனை கோடிப் பேர் இருக்கோம், விளையுறதை நாமே சாப்பிடுறோம். அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா வெளியே போகாததுக்கு வேற காரணங்களும் இருக்கு. அதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

நம்ம கம்பம் பள்ளத்தாக்குல வாழை வெட்டுக்குப் போற அக்காமார் இங்க நிறையப் பேர் இருக்கீங்க. வளைகுடா நாட்டுக்குப் போற ஜி நயன் வாழையை எப்படிப் பார்க்கிறாங்கன்னு உங்களுக்கே தெரியும். காய் முத்தால் முக்கால் பதம் வந்ததும் வெட்டணும். தாரைத் தரையில போடக் கூடாது. சீப்பு சீப்பா அறுத்துத் தண்ணியில போட்டுப் பால் கறை போகக் கழுவணும். ஈரம் காய வச்சு, பிளாஸ்டிக் தாள் போட்டு, 13 கிலோ பெட்டியில அடுக்கணும். அப்புறம் 13 டிகிரி குளிர்ல வச்ச கண்டெய்னர்ல ஏத்தணும். குளிர் அதுக்குக் கீழே ரொம்பக் குறைஞ்சா தோல் கறுத்துப் போகும். கூடினா கப்பல்லயே பழுத்துடும். காயில ஒரு கீறல் இருந்தாலும் பெட்டியில வைக்க விட மாட்டாங்க. நம்ம வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்டுற வாழைத்தாரைக்கூட நாம இப்படிப் பார்க்க மாட்டோம்.

இது கண்ணுக்குத் தெரியற தரம். கண்ணுக்குத் தெரியாத தரம் ரெண்டு இருக்கு. ஒண்ணு பூச்சி. இன்னொண்ணு மருந்து.

பூச்சிக்கு ஒரு நடந்த கதை சொல்றேன். 2014ஆம் வருஷம் மே மாசம் 1ஆம் தேதியிலிருந்து ஐரோப்பிய நாடுகள் எல்லாம் சேர்ந்து நம்ம இந்தியாவோட அஞ்சு பொருளை உள்ள வரக் கூடாதுன்னு தடுத்துட்டாங்க. ஒண்ணு மாம்பழம். மத்த நாலு என்ன தெரியுமா? கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு. எல்லாம் நம்ம அடுப்படியில கிடக்கிற சாமான். காரணம், அதுக்கு முந்தின 2013ஆம் வருஷம் நம்ம நாட்டிலிருந்து போன காய், பழச் சரக்குல 207 தடவை பழ ஈ மாதிரியான பூச்சிகளை அங்கே கண்டுபிடிச்சிருக்காங்க.

பழ ஈ என்ன பண்ணும்னு நமக்குத் தெரியும். பிஞ்சுத் தோலுக்கு அடியில முட்டை வச்சுட்டுப் போயிடும். வெளியே பார்த்தா ஒரு புள்ளிதான் இருக்கும். அறுத்தா உள்ள புழு நெளியும். நாம அந்தப் பக்கத்தை வெட்டி எறிஞ்சிட்டு மீதியைச் சமைச்சிடுவோம். ஆனா அந்தப் பூச்சி இல்லாத ஊருக்கு அது போய்ச் சேர்ந்தா அவங்க விவசாயம் கெட்டுப் போகும். அந்தப் பயம் நியாயமான பயம்தான். நாமும் அப்படித் தடுத்திருக்கோம். 2017இல் சீனா ஆப்பிள்ல பூச்சி இருக்குன்னு சொல்லி நம்ம அரசாங்கம் நிறுத்திச்சு. அவங்கவங்க வயலை அவங்கவங்க காப்பாத்திக்கிறாங்க.

அந்த 2014 தடைக்கு அப்புறம் நம்ம பக்கத்துல பெட்டி கட்டுற இடத்துல சோதனையைக் கடுமையாக்கினாங்க. 2015 ஜனவரியில மாம்பழத்துக்கு வழி விட்டாங்க. பாகற்காய்க்கும் புடலங்காய்க்கும் வழி திறக்க இன்னும் ரெண்டு வருஷம் போல ஆச்சு. ஏதோ சில பெட்டியில இருந்த புழுவுக்கு நாடு பூரா இருந்த விவசாயி காத்துக் கிடந்தாங்க. நல்லா விளைவிச்சவங்களும் அதுல உண்டு.

அடுத்தது மருந்து. இது 2010இல் நடந்தது. மகாராஷ்டிராவில் நாசிக் பக்கம் திராட்சை விவசாயிகள் ஐரோப்பாவுக்கு அனுப்பின சரக்குல ஒரு வளர்ச்சி மருந்தோட எச்சம் இருக்குன்னு அங்கே பிடிச்சுட்டாங்க. அந்த மருந்து அதுவரைக்கும் இங்கே சோதிக்கிற பட்டியல்லயே இல்ல. கண்டெய்னர் எல்லாம் துறைமுகத்துல நின்னுபோச்சு. நிறைய விவசாயிகளுக்குக் கடன் ஏறிப் போச்சு.

எச்சம்னா எவ்வளவு? ஒரு மருந்துக்குத் தனியா அளவு எதுவும் வைக்கலேன்னா, ஐரோப்பாவுல ஒரு கிலோ காய்க்கு 0.01 மில்லிகிராம்தான் இருக்கலாம். எனக்கு இது முதல்ல புரியல. பயிற்சிக்குப் போனப்போ அந்த மேடம் கணக்குப் போட்டுக் காட்டினாங்க. 100 டன் காய்ல ஒரு கிராம். பத்து டன் ஏத்துற லாரி பத்து நிக்குதுன்னு வச்சுக்குங்க. அந்தப் பத்து லாரிக் காய்க்கும் சேர்த்து ஒரு கிராம்.

இப்ப எங்க கதைக்கு வர்றேன்.

எங்க குழுவுல 12 பேர். அதுல நாலு பேர் சேர்ந்து, வங்கிக் கடன்ல வந்த பணத்தைப் போட்டு, முக்கால் ஏக்கர் கல்தூண் பந்தலைக் குத்தகைக்கு எடுத்து பாகல் போட்டோம். காய் நல்லாப் பிடிச்சது. கொச்சி விமானத்துல வளைகுடா நாடுகளுக்குக் காய் அனுப்புற ஒரு வியாபாரி வந்து பார்த்தார். கமிஷன் கடையில கிலோ 24 ரூபாய் போன நேரம், அவர் 40 ரூபாய் தர்றேன்னு சொன்னார். நாலு பேரும் அன்னைக்கு ராத்திரி தூங்கல. யார் யாருக்கு என்ன நகையைத் திருப்பணும்னு கணக்குப் போட்டுக்கிட்டே கிடந்தோம்.

அந்த நேரம் பார்த்துப் பழ ஈ வந்தது. பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி உதிர ஆரம்பிச்சது. மருந்துக் கடைக்குப் போனோம். ரெண்டு மருந்தைக் கலந்து அடிங்கன்னு கொடுத்தாங்க. டேங்குக்கு எவ்வளவுன்னு கேட்டோம், சொன்னாங்க. அடிச்சு எத்தனை நாள் கழிச்சுப் பறிக்கணும்னு நாங்க கேட்கல, அவங்களும் சொல்லல. டப்பாவுல ஒட்டியிருந்த தாள்ல அது பொடி எழுத்துல எழுதியிருந்திருக்கு. கூட்டத்துக்குத் தீர்மான நோட்டு எழுதுறவ நான்தான். அந்தத் தாளைப் படிக்காம விட்டவளும் நான்தான்.

பாகல் விஷயம் உங்களுக்குத் தெரியும். வாரத்துக்கு ரெண்டு பறி பறிச்சாகணும். விட்டா பழுத்து வெடிச்சுடும். மருந்து அடிச்ச மூணாம் நாள் பறிச்சோம். 620 கிலோ. வியாபாரி முதல்ல கொஞ்சம் காயைச் சோதனைக்கு எடுத்துக்கிட்டுப் போனார். மறுநாள் போன் பண்ணி, மருந்து அளவு கூடி இருக்கு, இந்தச் சரக்கை ஏத்த முடியாதுன்னு சொல்லிட்டார். கெஞ்சிப் பார்த்தோம். "நான் ஏத்தினா அங்கே பிடிச்சு அழிச்சுடுவாங்கம்மா, என் லைசென்ஸும் போயிடும்"னு சொன்னார். அவர் மேல தப்பு சொல்ல முடியாது.

620 கிலோவும் கமிஷன் கடைக்குப் போச்சு. அன்னைக்கு வரத்து அதிகம். கிலோ 13 ரூபாய். பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் போக ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் கையில வந்தது. அந்த வியாபாரி அப்புறம் எங்க பக்கமே வரல. நஷ்டம் அந்த ஒரு பறியோட நிக்கல, அந்தப் போகமே போச்சு. வங்கிக் கடனை நாலு பேரும் கூலிக்குப் போய்த்தான் கட்டி முடிச்சோம். ஒரு தவணைகூடத் தவறல, அதை மட்டும் பெருமையாச் சொல்லிக்கிறேன்.

ஆனா நான் இங்க சொல்ல வந்தது நஷ்டக் கதை இல்ல. இனிமே சொல்றதுதான்.

அந்த மூணாம் நாள் பறிச்ச காய்ல ஒரு கூடையை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். அன்னைக்கு ராத்திரி பாகற்காயை வட்டமா அரிஞ்சு, மிளகாய்ப்பொடி போட்டு மொறுமொறுன்னு வறுத்து என் பொண்ணுக்கும் பையனுக்கும் போட்டேன். மறுநாள் போன் வந்தப்போ பொண்ணு பக்கத்துல உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருந்தா. அப்ப அவ ஏழாவது. நான் போனை வச்சதும் கேட்டா, "ஏம்மா, அவங்க சாப்பிடக் கூடாதுன்னா நாம சாப்பிடலாமா?"

எனக்குப் பதில் வரல. இன்னைக்கு வரைக்கும் அதுக்கு நான் பதில் சொல்லல.

அந்த 620 கிலோவும் எங்கே போச்சு? நம்ம ஊர்ச் சந்தைக்குத்தான் போச்சு. இங்க உட்கார்ந்திருக்கிற உங்கள்ல யாராவது அதை வாங்கிச் சமைச்சிருக்கலாம். பிள்ளைத்தாச்சி யாராவது சாப்பிட்டிருக்கலாம். வெளிநாட்டுக்காரங்களுக்காகக் கேள்வி கேட்க வியாபாரி இருக்கார், சோதனைச்சாலை இருக்கு, சான்றிதழ் இருக்கு. நம்ம பிள்ளைங்களுக்காக யார் கேட்கிறாங்க? நாமதான் கேட்கணும். காயை விளைவிக்கிறதும் நாம, சமைக்கிறதும் நாம.

இன்னொரு விஷயமும் சொல்லணும். அவங்க கதவைச் சாத்துறது மட்டும் இல்ல, நம்ம பக்கத்துக் கதவும் சாத்தும். வெங்காயத்தைப் பாருங்க. 2019 செப்டம்பர்ல விலை ஏறிப் போச்சுன்னு மத்திய அரசு ஏற்றுமதியை நிறுத்திச்சு. நம்ம வெங்காயத்தை நம்பி இருக்கிற பங்களாதேஷ்ல பெரிய தட்டுப்பாடு. அந்த நாட்டுப் பிரதமரா இருந்த ஷேக் ஹசீனா அந்த அக்டோபர்ல டெல்லிக்கு வந்தப்போ, வெங்காயம் போடாமச் சமைக்கச் சொல்லி என் சமையல்காரர்கிட்ட சொல்லிட்டேன்னு மேடையிலயே சொன்னாங்க. 2020லயும் நிறுத்தினாங்க. 2023 டிசம்பர்ல மறுபடி நிறுத்தி, 2024 மே மாசம்தான் விட்டாங்க, அதுவும் 40 சதவீதம் வரி போட்டு. அந்த வரி 2025 ஏப்ரல்லதான் முழுசா நீங்கிச்சு.

வெங்காயம் கிலோ நூறு ரூபாய் வித்தா நாமளே அரசாங்கத்தைத் திட்டுவோம். நிறுத்தினா விலை இறங்குது, நமக்குச் சந்தோஷம். ஆனா அதே நாள் நாசிக் பக்கம் வெங்காயம் போட்ட ஒரு பொம்பளை, நம்மளை மாதிரி ஒருத்தி, ராத்திரி தூங்காமக் கிடப்பா. யார் பக்கமும் முழுசாத் தப்புன்னு என்னால சொல்ல முடியல. எனக்குப் புரிஞ்சது இதுதான். வெளிநாட்டு விலை நம்ம கையில இல்ல. அதை நம்பி முழுத் தோட்டத்தையும் வைக்கக் கூடாது.

அப்ப வேண்டாமான்னு கேட்பீங்க. வேணும்னுதான் நான் சொல்றேன். போன மாசம் கை தட்டினவங்கள்ல நானும் ஒருத்தி. ஆனா நாலு விஷயத்தைத் தீர்மானமா எழுதிட்டு ஆரம்பிக்கணும்.

முதலாவது, மருந்து நோட்டு. காய் போடுற ஒவ்வொருத்தருக்கும் ஒரு நோட்டு. என்னைக்கு விதைச்சோம், என்ன மருந்து, எவ்வளவு, எந்தத் தேதி அடிச்சோம், எத்தனை நாள் காத்திருக்கணும்னு தாள்ல போட்டிருக்கு, என்னைக்குப் பறிச்சோம். இவ்வளவுதான். திராட்சைக்கு ஏற்றுமதி வாரியமான அபீடா இதைத்தான் கம்ப்யூட்டர்ல வச்சிருக்கு, 2006லிருந்து. தோட்டத்துக்கு ஒரு நம்பர். ஐரோப்பாவுல ஒரு பெட்டியில குறை வந்தா, அது யார் தோட்டத்துக் காய்ன்னு திரும்பி வந்து பார்த்துடலாம். ஒருத்தர் தப்புக்கு எல்லாரும் மாட்ட வேண்டியதில்ல. கணக்கு எழுதுறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல. சேமிப்பு, சந்தா, உள்கடன், வட்டின்னு இத்தனை வருஷமா எழுதுறோம். ஒரு ரூபாய் இடிச்சா ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து கண்டுபிடிக்கிறவங்க நாம. பெரிய பெரிய விவசாயிகளால முடியாத வேலையை நம்ம குழுப் பெண்கள் சுலபமாச் செய்யலாம்.

ரெண்டாவது, மருந்துக்கு முன்னால பொறி. வாரம் ரெண்டு பறி பறிக்கிற காய்க்குக் காத்திருக்க நாள் கிடையாது. அதனால மருந்தைக் கடைசியில வச்சுக்கணும். பழ ஈக்கு இனக்கவர்ச்சிப் பொறி இருக்கு. வில்லை வாங்கும்போது பாகல், புடலைக்குன்னு சொல்லி வாங்குங்க, மாம்பழத்துக்கு உள்ள வில்லை வேற. உதிர்ந்த சொத்தைக் காயைப் பந்தல் அடியிலயே விடாம, பொறுக்கிக் குழி தோண்டிப் புதைங்க. புழு அதுலதான் வளர்ந்து மண்ணுக்குள்ள போய் மறுபடி ஈயா வருது. வேப்பங்கொட்டைக் கரைசல் நம்மளே போட்டுக்கலாம். அதையும் மீறி மருந்து வாங்கினா டப்பாவுல இருக்கிற முக்கோணத்தைப் பாருங்க. சிவப்புன்னா ரொம்பக் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை. படிக்கத் தெரியாத அக்காவும் நிறத்தைப் பார்த்துடலாம்.

மூணாவது, பாதிக்குப் பாதி. வெளிநாட்டுக்கு ஒரு பங்கு, உழவர் சந்தைக்கும் கேரளாவுக்கும் ஒரு பங்கு. ஒரு கதவு சாத்தினாலும் இன்னொரு கதவு திறந்திருக்கணும். வியாபாரிகிட்ட விலையையும், எத்தனை நாள்ல பணம்னும், சரக்கைத் திருப்பினா செலவு யாரோடதுன்னும் எழுதி வாங்கணும். வாய்ப் பேச்சுல ஆரம்பிக்கக் கூடாது.

நாலாவதுதான் எனக்கு முக்கியம். வெளிநாட்டுக்குப் போற பாதிக்கு ஒரு நோட்டு, ஊருக்குப் போற பாதிக்கு நோட்டு இல்லன்னு இருக்கக் கூடாது. ரெண்டுக்கும் ஒரே நோட்டு, ஒரே காத்திருப்பு நாள். அங்கே சாப்பிடக் கூடாத காயை இங்கேயும் விக்கக் கூடாது.

எங்க நாலு பேர்ல மூணு பேர் இந்த வருஷம் மறுபடி பாகல் போட்டிருக்கோம். முக்கால் ஏக்கர் இல்ல, முப்பது சென்ட்தான். நாலாவது அக்கா இனி என்னால முடியாதுன்னு விலகிட்டாங்க, அவங்க பயம் எனக்குப் புரியுது. பந்தல்ல பொறி தொங்குது. நோட்டு ஆணியில தொங்குது. அந்த நோட்டை எழுதுறது என் பொண்ணு. இப்ப அவ பத்தாவது. இதுவரைக்கும் எட்டுப் பறி பறிச்சிருக்கோம். எல்லாம் உழவர் சந்தைக்குத்தான் போயிருக்கு. போன வாரம் ஒரு கூடையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். பொண்ணு முதல்ல நோட்டைத் திறந்து தேதியைப் பார்த்தா. பார்த்துட்டு, "வறும்மா"ன்னு சொன்னா.

வர்ற கூட்டத்துல இந்த நாலையும் தீர்மானமா வைக்கப் போறேன். சம்மதம்னா கை தூக்குங்க. சம்மதம் இல்லேன்னா எழுந்து கேள்வி கேளுங்க, அதுவும் நல்லதுதான்.